விரல் நுனிக்கு வராத ரத்தம்

பொங்கல் லீவு முடிந்து கொல்லிமலையை விட்டு இறங்குகிறவர்களில் பலர் கையுறையைத் தப்பான நேரத்தில் மாட்டுகிறார்கள். பையை பைக்கின் பின்னால் கயிறு போட்டு இறுக்குவது, பெரியவர்கள் காலில் விழுவது, பக்கத்து வீட்டில் சொல்லிக்கொள்வது எல்லாம் வெறுங்கையோடு நடக்கும். வண்டி கிளம்பி நாலைந்து வளைவு இறங்கியதும் விரல் விறைத்துவிடும். பிரேக்கைப் பிடித்திருக்கிறோமா இல்லையா என்பதே தெரியாமல் போகும். அப்போதுதான் ஓரமாக நிறுத்திக் கையுறையைத் தேடுவார்கள். மாட்டிய பிறகும் விரல் சூடாகாது. "சந்தையில வாங்கின கிளவுஸ், வேறெப்படி இருக்கும்" என்று அதற்குத் திட்டு விழும்.

கையுறை மேல் தப்பில்லை. அதற்குச் சொந்தமாகச் சூடு கிடையாது. உள்ளே இருக்கும் சூடு வெளியேறுவதைத் தாமதப்படுத்துவது ஒன்றே அதன் வேலை. சூடு இல்லாத கையில் மாட்டினால் அங்கே இருக்கும் குளிரையும் அதே விசுவாசத்தோடு காப்பாற்றும்.

கொல்லிமலையில் கையுறை எதற்கு என்று வெளியூர்க்காரர்கள் கேட்கலாம். இங்கே பனி பொழிவதில்லை. நாமக்கல் மாவட்டத்தில் கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு துண்டு இது. மேலே இருக்கும் ஊர்கள் பெரும்பாலும் 1000 முதல் 1300 மீட்டர் உயரத்தில் இருக்கின்றன. நாமக்கல் சமவெளி ஏறத்தாழ 200 மீட்டர். ஒரு கிலோமீட்டர் மேலே போனால் காற்று சராசரியாக ஆறரை டிகிரி குளிர்கிறது என்பது வளிமண்டலத்தின் பொதுக் கணக்கு. கீழே 20 டிகிரி என்றால் மலைமேல் இருக்கும் செம்மேட்டில் 13, 14 இருக்கும். வானம் தெளிந்த தை மாத இரவுகளில் இன்னொன்றும் நடக்கிறது. தரை தன் வெப்பத்தை வானத்துக்கு இழக்கிறது. தரையை ஒட்டிய காற்று குளிர்ந்து கனமாகிச் சரிவில் வழிந்து, நெல் வயல்கள் இருக்கும் பள்ளங்களில் போய்த் தேங்குகிறது. மேட்டு வீட்டை விடப் பள்ளத்து வீட்டில் குளிர் அதிகம் என்று ஊர்க்காரர்கள் சொல்வதற்கு இதுதான் காரணம்.

இந்தக் குளிரில் சும்மா நின்றால் பெரிய சேதமில்லை. ஸ்வெட்டர், குல்லா, கையில் ஒரு காபி டம்ளர் போதும். பைக்கில் ஏறினால்தான் கதை மாறுகிறது. அமெரிக்காவின் பால் சைப்பிள் சாரணச் சிறுவனாக அண்டார்டிகாவுக்கு முதல்முறை போனவர். பிறகு விஞ்ஞானியாகத் திரும்பப் போய், சார்லஸ் பாஸல் என்பவரோடு சேர்ந்து, பிளாஸ்டிக் உருளைக்குள் ஊற்றிய தண்ணீர் காற்று வேகத்துக்கு ஏற்ப எவ்வளவு சீக்கிரம் உறைகிறது என்று அளந்தார். அந்த வேலையிலிருந்து கிளைத்து, 2001இல் அமெரிக்காவும் கனடாவும் திருத்தி அமைத்த சூத்திரம் ஒன்று இன்று புழக்கத்தில் இருக்கிறது. அதன்படி 10 டிகிரிக் காற்றில் மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் போனால் தோலுக்கு அது 6 டிகிரிக் குளிராகப் படும். சூத்திரம் முகத்துத் தோலை மனதில் வைத்து எழுதப்பட்டது. ஹேண்டில்பாரில் முன்னால் நீட்டியிருக்கும் விரலின் பாடு இன்னும் மோசம். ஒன்றை இங்கே தெளிவாக்கிவிட வேண்டும். எவ்வளவு வேகமாக ஓட்டினாலும் 10 டிகிரிக் காற்று காய்ந்த விரலை 10 டிகிரிக்குக் கீழே இறக்க முடியாது. அந்த நிலைக்கு அதைச் சீக்கிரம் கொண்டுபோகும், அவ்வளவுதான். ஈர விரலுக்கு இந்தச் சலுகை கிடையாது. மூடுபனியில் நனைந்த நூல் கையுறையிலிருந்து தண்ணீர் ஆவியாகும்போது, சுற்றியிருக்கும் காற்றை விடக் கீழான குளிருக்கும் அது போகும்.

உடம்பில் இத்தனை இடம் இருக்க, விரல் மட்டும் ஏன் முதலில் சரணடைகிறது?

வெப்பம் உண்டாவது பெரும்பாலும் தசையிலும் உள்ளுறுப்புகளிலும். விரலில் சொல்லிக்கொள்ளும்படி தசை எதுவும் இல்லை. எலும்பு, தசைநாண், தோல், கொஞ்சம் கொழுப்பு. விரலை மடக்கி நீட்டும் தசைகளில் பெரியவை முழங்கைக்குக் கீழே, முன்கையில் இருக்கின்றன. தோல்பாவைக் கூத்தில் திரைக்குப் பின்னால் இருப்பவர் குச்சியை அசைப்பது போல, அங்கிருந்து தசைநாண்கள் வழியாக இழுக்கின்றன. இடது கையை மேசைமேல் வைத்து விரல்களை மட்டும் ஆட்டிப் பாருங்கள். முழங்கைக்குக் கீழே சதை துள்ளுவது வலது கைக்குத் தெரியும். ஆக, விரலுக்கு வெப்பம் இறக்குமதிச் சரக்கு. ரத்தம் கொண்டுவந்து கொட்டினால் உண்டு, இல்லையென்றால் இல்லை. போதாக்குறைக்கு அது மெலிந்த உருளை. உள்ளே இருக்கும் சதையோடு ஒப்பிட்டால் வெளித்தோலின் பரப்பு மிக அதிகம். வந்த வெப்பமும் நிற்பதில்லை.

இறக்குமதியை நடத்தும் ஏற்பாடு விரல் நுனியிலும் உள்ளங்கையிலும் இருக்கிறது. சாதாரணமாகத் தமனியிலிருந்து ரத்தம் மயிரிழைக் குழாய்கள் வழியாகச் சிரைக்குப் போகும். இங்கே அதோடு குறுக்குவழிகளும் உண்டு. தடித்த தசைச் சுவர் கொண்ட குட்டிக் குழாய்கள் தமனியையும் சிரையையும் நேரடியாக இணைக்கின்றன. உடம்பு சூடாக இருக்கும்போது இவை திறந்து, வேண்டாத வெப்பத்தைக் கை வழியாக வெளியேற்றுகின்றன. குளிரும்போது இறுக மூடிக்கொள்கின்றன. திறந்திருக்கும்போதும் மூடியிருக்கும்போதும் விரலுக்குள் ஓடும் ரத்தத்தின் அளவு நூறு மடங்கு வரை மாறக்கூடும். உடம்பில் தோல் வேறெங்கும் இவ்வளவு பெரிய ஏற்ற இறக்கத்தைக் காண்பது அரிது.

இதைத் திறக்கவும் மூடவும் உத்தரவு மூளையின் அடிப்பகுதியில் இருக்கும் ஹைப்போதலாமஸிலிருந்து, பரிவு நரம்புகள் வழியாக வருகிறது. தோலில் குளிரை உணரும் புரதம் ஒன்று இருக்கிறது. டிஆர்பிஎம்8 என்று பெயர். 2002இல் டேவிட் ஜூலியஸும் ஆர்டெம் பட்டபூட்டியனும் தனித்தனியாக அதைக் கண்டுபிடித்தார்கள். வெப்பத்தையும் தொடுகையையும் உடம்பு எப்படி உணர்கிறது என்ற ஆய்வுகளுக்காக 2021இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. புதினாவில் இருக்கும் மென்தால் தொட்டால் குளிர்கிற மாதிரி இருப்பதும் இதே புரதத்தின் வேலைதான். முகமோ மார்போ குளிரை உணர்ந்தால் போதும், கை இன்னும் சூடாக இருக்கும்போதே குறுக்குவழிகள் மூடத் தொடங்கிவிடும். இதயத்தையும் மூளையையும் 37 டிகிரியில் வைத்திருப்பது உடம்புக்கு முதல் கடமை. அதற்காக அது முதலில் கைவிடுவது கையை.

ஒரேயடியாகக் கைவிடுவதும் இல்லை. 1930இல் லண்டனில் தாமஸ் லூயிஸ் என்ற மருத்துவர் விரலைப் பனிக்கட்டித் தண்ணீரில் முக்கிவைத்துத் தோலின் வெப்பத்தை அளந்தார். சில நிமிடம் அது இறங்கிக்கொண்டே போனது. பிறகு திடீரென்று ஏறியது, மறுபடி இறங்கியது. விரல் செத்துவிடாமல் இருக்க உடம்பு அவ்வப்போது கொஞ்சம் சூடான ரத்தத்தை அனுப்பிப் பார்க்கிறது. இந்த அலை எல்லோருக்கும் ஒன்றுபோல் வருவதில்லை. குளிர்த் தண்ணீரில் கைவைத்துப் பிழைக்கும் வடநாட்டு மீனவர்களுக்கு அது சீக்கிரமும் வலுவாகவும் வருகிறது. டெல்லியில் இருக்கும் பாதுகாப்புத் துறையின் உடலியல் ஆய்வு நிறுவனம் நம் நாட்டு ஆட்களை ஆர்க்டிக் பகுதிக்கே அழைத்துப் போய், அங்கேயே வாழ்கிறவர்களோடு ஒப்பிட்டு இதைச் சோதித்திருக்கிறது. அந்த ஆய்வுகளில் பங்கெடுத்தவர்களில் ஒருவர் டபிள்யூ. செல்வமூர்த்தி. வெப்ப நாட்டுக் கைகள் குளிரில் பின்தங்குகின்றன. கொல்லிமலைக்காரரின் கைக்குச் சமவெளிக்காரரின் கையைவிடக் கொஞ்சம் பழக்கம் இருக்கலாம், ஆனால் 13 டிகிரி ஆர்க்டிக் ஆகிவிடாது. திருப்பூரிலோ கோவையிலோ பத்து மாதம் இருந்துவிட்டு நாலு நாள் லீவில் வருகிறவர் அந்தப் பழக்கத்தையும் கீழேயே விட்டுவிட்டுத்தான் வருகிறார்.

விரலின் தோல் 15 டிகிரிக்குக் கீழே போனால் நுணுக்கமான வேலைகள் தடுமாறத் தொடங்கும். சட்டைப் பொத்தான் போட வராது. சாவி துவாரத்தில் நுழையாது. 8 டிகிரி வாக்கில் தொடு உணர்வே மங்கிவிடும். நரம்பு குளிரக் குளிர அதில் செய்தி ஓடும் வேகம் ஒவ்வொரு டிகிரிக்கும் நொடிக்கு ஒன்றரை, இரண்டு மீட்டர் என்று குறைந்துகொண்டே வருகிறது. அடிவாரத்துக் காரவள்ளிக்கு இறங்கும் பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றிலும் கியரைக் குறைத்து, கிளட்சை அரைகுறையாக விட்டு, முன் பிரேக்கை எவ்வளவு அழுத்துவது என்று விரல்தான் முடிவு செய்கிறது. கொஞ்சம் அதிகமாக அழுத்தினால் ஈரத் தார்ச்சாலையில் முன் சக்கரம் வழுக்கும். முன்கைத் தசை சூடாகவே இருப்பதால் இழுக்கும் பலத்துக்குக் குறைவில்லை. எவ்வளவு இழுக்கிறோம் என்ற கணக்குதான் போய்விடுகிறது. விரல் வலிப்பதை விட இது ஆபத்தானது, ஏனென்றால் இது ஓட்டுகிறவருக்குத் தெரிவதில்லை.

சரி, தடிமனான கையுறையாக வாங்கிவிட்டால்? இதில் ஒரு வேடிக்கையான வடிவியல் இருக்கிறது.

கம்பளி மாதிரி ஒரு துணியை எடுத்துக்கொள்வோம். அதன் உண்மையான சரக்கு நூலல்ல, நூல்களுக்கு நடுவே அசையாமல் சிக்கியிருக்கும் காற்று. ஆறு மில்லிமீட்டர் தடிமனுக்கு அதை மார்பு போன்ற தட்டையான இடத்தில் போர்த்தினால், காற்றோட்டம் இல்லாத இடத்தில் வெப்ப இழப்பு தோராயமாக 40 சதவீதமாகக் குறையும். தடிமனை இரண்டு மடங்காக்கினால் 25. இதே துணியை எட்டு மில்லிமீட்டர் ஆரம் உள்ள விரலைச் சுற்றிப் போட்டுக் கணக்குப் பாருங்கள். ஆறு மில்லிமீட்டருக்கு இழப்பு 59 சதவீதத்தில் நிற்கிறது, பன்னிரண்டுக்கு 45. துணி ஒன்றுதான், பலன் வேறு. உருளையைச் சுற்றித் துணி தடிக்கத் தடிக்க, குளிருக்குக் காட்டும் வெளிப்பரப்பும் பெருத்துக்கொண்டே போகிறது. ஒரு கையால் மிச்சம் பிடித்ததில் ஒரு பங்கை மறு கையால் இழக்கிறோம். வாழைக்காய் தடிமனுக்கு விரல் இருந்தால் பிரேக்கை எப்படிப் பிடிப்பது என்ற கேள்வி தனி.

நாலு விரலுக்கும் சேர்த்து ஒரே பை, கட்டை விரலுக்கு மட்டும் தனி உறை என்று தைத்த கையுறை இந்தச் சிக்கலைப் பாதி தீர்க்கிறது. நாலு மெலிந்த உருளைகள் ஒரு தடித்த உருளையாகின்றன; விரல்கள் ஒன்றை ஒன்று தொட்டுக்கொண்டிருப்பதால் நடுவில் இழப்பு இல்லை. துருவப் பகுதி மக்கள் வெகுகாலமாக அதைத்தான் போடுகிறார்கள். பைக் ஓட்டுகிறவருக்கு அது உதவாது. கிளட்சுக்கு இரண்டு விரல், பிடிக்கு இரண்டு விரல் என்று பிரித்தாக வேண்டும். எனவே தடிமனை விட்டுவிட்டுக் காற்றைத் தடுப்பதில் கவனம் வைப்பதே புத்திசாலித்தனம். மெல்லிய கம்பளிக் கையுறை, அதற்கு மேல் காற்றும் ஈரமும் புகாத தோல் அல்லது ரெக்சின் உறை. அது இல்லாதவர்கள் நூல் கையுறைக்கு மேல் பாலிதீன் பையை மாட்டி மணிக்கட்டில் ரப்பர் பேண்ட் போடுவதுண்டு. பார்க்கச் சிரிப்பாக இருக்கும். இயற்பியல் முழுக்க அவர்கள் பக்கம். தண்ணீர் அசையாக் காற்றை விட இருபது மடங்குக்கும் மேல் வெப்பத்தைக் கடத்துகிறது. பருத்தி நனைந்தால் அதன் காற்றுப் பைகளில் எல்லாம் தண்ணீர் குடியேறிவிடும். கம்பளி தன் எடையில் கால் பங்குக்கு மேல் ஈரத்தை இழைக்குள் வாங்கிக்கொண்டும் தொட்டால் ஈரமாகத் தெரியாது. பைக் ஓட்டிக்கொண்டு மலை இறங்க வெள்ளைப் பருத்திக் கையுறையைப் போல ஏமாற்றும் பொருள் வேறில்லை.

கையுறையைப் பற்றி இவ்வளவு பேசிய பிறகு ஒன்றைச் சொல்ல வேண்டும்: கையைச் சூடாக வைக்கச் சிறந்த துணி கையில் போடுவதல்ல. கனடாவின் ராணுவ ஆய்வாளர்கள் மைனஸ் 25 டிகிரியில் ஆட்களை உட்காரவைத்து, மின்சாரத்தால் சூடாகும் மேல்சட்டை ஒன்றை மாட்டிவிட்டார்கள். கைகள் வெறுமையாகவே இருந்தன. மார்பு தேவைக்கு மேல் சூடானதும் உடம்பு வேண்டாத வெப்பத்தை வெளியே தள்ள விரல்களுக்கு ரத்தத்தை அனுப்பியது. வெறும் விரல்கள் வேலை செய்யும் அளவுக்குச் சூடாகவே இருந்தன. "கண்ணு, குல்லாவப் போட்டுக்க, ஸ்வெட்டர் ஜிப்ப மேல வரைக்கும் இழுத்துவிடு" என்று வாசலில் நின்று சொல்லும் அம்மாவுக்கு இந்த ஆய்வு தெரியாது. "கைதாம்மா குளிருது, தலையில்ல" என்று சலித்துக்கொள்ளும் மகனுக்கும் தெரியாது. ஜெயிப்பது அம்மாதான். ஆனால் தலை வழியாகத்தான் உடம்பின் பாதி வெப்பம் போகிறது என்று சிலர் சொல்வது கட்டுக்கதை. தலையின் பங்கு அதன் பரப்பளவுக்கு ஏற்றதுதான், பத்தில் ஒன்று வாக்கில். குல்லா உதவுவதற்குக் காரணம் வேறு: முகமும் கழுத்தும் குளிரை உணர்வதில் மிகக் கூர்மையானவை. அவை அலறாமல் இருந்தால் கையின் குறுக்குவழிகள் மூடுவதற்கு அவசரம் இல்லை.

இனி, புறப்படுவதைப் பற்றி. கையின் ரத்தக் குழாய்களை மூடும் பரிவு நரம்புக்கு எஜமானர் குளிர் மட்டுமல்ல. பயம், பதற்றம், மனச்சுமை எல்லாம் அதே கம்பியில்தான் செய்தி அனுப்புகின்றன. நேர்காணலுக்குக் காத்திருப்பவரின் விரல் மே மாதத்திலும் சில்லென்று இருக்கும். விரல் நுனியில் வெப்பமானி ஒட்டி மன அழுத்தத்தைக் கவனிக்கும் பயிற்சிகள் இருப்பது இதனால்தான். தை மாத விடியலில் வீட்டை விட்டுக் கிளம்பும் கைக்கு ஒரே குழாயின் மேல் இரண்டு உத்தரவுகள் வருகின்றன. எனவே அன்றைக்குக் கை குளிர்வதை முழுக்க வானிலையின் கணக்கில் எழுத முடியாது.

இதற்குக் கிட்டத்தட்ட வந்து, கடைசியில் தடம் மாறிப்போன ஒரு பழைய விஞ்ஞானி இருக்கிறார். 1688இல் பாசல் நகரில் யோகான்னஸ் ஹோஃபர் என்ற 19 வயது மருத்துவ மாணவர், ஊரை விட்டு வந்தவர்களின் ஏக்கத்தை ஒரு நோயாக விவரித்து ஆய்வேடு எழுதினார். பிற நாடுகளுக்குக் கூலிப்படையாகப் போன சுவிட்சர்லாந்து மலைக்காரர்களை இது அதிகம் வாட்டுவதாக அப்போது பேச்சு. 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சூரிச் நகர விஞ்ஞானி ஷாய்க்சர் இதற்குக் காற்றழுத்தத்தைக் காரணம் காட்டினார். மலையின் லேசான காற்றில் வளர்ந்த உடம்பைச் சமவெளியின் கனமான காற்று அமுக்குகிறது, தோலின் நுண்குழாய்களில் இருக்கும் ரத்தம் உள்ளே தள்ளப்பட்டு இதயத்தைப் பாரமாக்குகிறது என்றார். நோயாளியை உயரமான இடத்தில் தங்கவைக்கச் சொன்னார். செம்மேட்டிலிருந்து நாமக்கல்லுக்கு இறங்கினால் காற்றழுத்தம் ஏறத்தாழ பத்து சதவீதம் கூடுகிறது. அது காதை அடைக்கும். எச்சில் விழுங்கினால் சரியாகிவிடும். மனத்தை அடைக்காது. ஆனாலும் ஷாய்க்சரை நான் கேலி செய்ய மாட்டேன். ஏங்குகிறவரின் தோலிலிருந்து ரத்தம் உள்ளே போகிறது என்பது வரை அவர் சொன்னது தப்பில்லை. தள்ளுவது காற்றல்ல, நரம்பு என்று அறிய அவருக்கு அன்று வழியில்லை.

நம் பக்கத்திலும் ஒரு சாட்சி உண்டு. சத்திமுற்றப் புலவர் பாண்டிய நாட்டுத் தலைநகரில், ஊரையும் மனைவியையும் பிரிந்து, போர்த்த ஒரு துணியில்லாமல் வாடையில் நடுங்கியபடி நாரையைத் தூது விட்டுப் பாடிய பாட்டைப் பள்ளியில் படித்திருப்போம். கைகளால் உடம்பைப் பொத்தி, கால்களை மேலே மடக்கி அணைத்துக்கொண்டு கிடக்கும் நிலையை அதில் அவரே சொல்கிறார். வெப்பவியலில் அதைவிடச் சரியான நிலை கிடையாது. வெளிப்பரப்பு சுருங்குகிறது; கை மார்புச் சூட்டில் ஒதுங்குகிறது. மரத்துப்போன விரலுக்கு அக்குளை விட நல்ல கையுறை இன்றும் கிடைப்பதில்லை.

சூடான கைக்கும் மனத்துக்கும் முடிச்சுப் போடும் நவீன ஆய்வுகளும் உண்டு. அவற்றில் எனக்கு நம்பிக்கை குறைவு. 2008இல் அமெரிக்காவில், சூடான காபிக் கோப்பையைச் சற்று நேரம் பிடித்திருந்தவர்கள் முன்பின் தெரியாத ஒருவரை அன்பானவராக மதிப்பிட்டார்கள் என்று ஒரு கட்டுரை வந்து உலகமெங்கும் பேசப்பட்டது. பிற்பாடு பல மடங்கு அதிகம் பேரை வைத்துச் செய்து பார்த்தபோது அந்த விளைவு தென்படவில்லை. இன்னொன்று, கையைப் பிடிப்பதைப் பற்றியது. 2006இல் ஜேம்ஸ் கோன் குழுவினர் செய்த அந்த ஆய்வு சிறியதுதான், 16 பெண்கள். மின் அதிர்ச்சி வரப்போகிறது என்ற எச்சரிக்கையோடு மூளை ஸ்கேனருக்குள் படுத்திருந்தார்கள். கணவரின் கையைப் பிடித்திருந்தபோது மூளையின் அபாய எதிர்வினை தணிந்தது. அந்நியரின் கையானால் அவ்வளவு தணியவில்லை.

ஆக, கிளம்பும் நாளில் அடுப்படியில் சூடேறிய கையோடு, வீட்டுக்குள் இருக்கும்போதே கையுறையை மாட்டிக்கொண்டு பிறகு பையைக் கட்டுங்கள். காலில் விழக் கையுறை தடையில்லை. வழியில் விரல் வெளுத்து மரத்துவிட்டால் நிறுத்தி அக்குளில் வையுங்கள். சைலன்சரில் காட்ட வேண்டாம், மரத்த தோல் சுடுவதைச் சொல்லாது. ரத்தம் திரும்பும்போது விண்ணென்று தெறிக்கும் வலி வரும். அது சேதமல்ல, மூடியிருந்த குழாய் திறக்கிறது. லேசான குளிருக்கே விரல் வெளுத்து, நீலமாகி, பிறகு சிவக்கிறது என்றால் அது வேறு விஷயம். 1862இல் மோரிஸ் ரேனோ விவரித்த கோளாறு அது. மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

கீழே போகப் போகச் சூடு ஏறும் என்ற கணக்கை நம்பிப் பாதி வழியில் கையுறையைக் கழற்றிப் பையில் போடுகிறவர்கள் உண்டு. காற்றசைவில்லாத, தெளிந்த இரவுக்குப் பிறகு அந்தக் கணக்கு தலைகீழாகும். மலையிலிருந்து வழிந்த குளிர்க்காற்று அடிவாரத்தில் தேங்கி நிற்க, சரிவின் நடுப்பகுதி ஒரு பட்டைபோல அதைவிடச் சூடாக இருக்கும். அப்படிப்பட்ட விடியலில் நடு வளைவுகளில் விரல் தேறிவிட்டதாகத் தோன்றும். காரவள்ளியை நெருங்கும்போது மூடுபனிக்குள் மறுபடி விறைக்கும். அதற்குப் பிறகு சாலை நேராகும், வண்டியின் வேகமும் கூடும். வெயில் ஏறி மூடுபனி கலையும் வரை, அதாவது காளப்பநாயக்கன்பட்டி தாண்டும் வரையாவது, கையுறை கையிலேயே இருக்கட்டும்.